ஓரப்பட்டை மாற்றியாயிற்று, கிட்டார் வராது

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தானே ஆரம்பிக்க வேண்டும். அப்பா சுகம், வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லும் அளவுக்குச் சுகம். என் முழங்கால் சுகமில்லை. உன் அக்கா சுகமா என்பதை நீ அவளிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏன் என்று போகப் போகத் தெரியும். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை, மேடையில் நிற்கிற படம் அனுப்பியிருந்தாயே, அதில் கன்னமும் தாடையும் ஒன்றாகிவிட்டிருந்தன, அப்படி இருப்பவன் சுகமாகத்தான் இருப்பான். அந்தப் பளபளக்கும் கோட்டை மட்டும் இனிமேல் போடாதே, சர்க்கஸில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் மாதிரி இருக்கிறாய் என்று அப்பா சொன்னார், நான் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான் சிரித்தேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கிட்டாருக்கு ஓரப்பட்டை மாற்றியாயிற்று. வேலை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருக்கிறது. ஆனால் கிட்டார் வராது. அடுத்த மாதக் கச்சேரிக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள். போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ அனுப்பிய கிட்டார்ப் பெட்டி வந்த அன்று பட்டறையில் நானும் அக்காவும்தான் இருந்தோம். திறந்ததும் குப்பென்று ஒரு புளித்த வாடை, பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் என்ன செத்துக் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். கிட்டார் உடம்பின் ஓரத்தைச் சுற்றி ஓடுகிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பட்டை அப்படித்தான், வயதானால் உள்ளுக்குள்ளேயே கெட்டு, சுருங்கி, மரத்தை விட்டு விலகி, தொட்டால் ரஸ்க் மாதிரி நொறுங்கும். அது பட்டையின் குற்றம். உன் குற்றம் என்னவென்று கேள். விலகிய இடத்தில் எல்லாம் சட்டென்று ஒட்டுகிற பசையை ஊற்றியிருக்கிறாய். வழிந்ததைத் துடைக்க நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணீரை எடுத்திருக்கிறாய். பட்டறையிலேயே தவழ்ந்து வளர்ந்த பிள்ளை நீ. அந்தத் தண்ணீர் மரத்தின் மேல் இருக்கிற பாலிஷைத் தின்னும், பட்டையைக் கூழாக்கும் என்று இந்தப் பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரியும். மேல்பலகையின் ஓரம் முழுக்க வெந்நீர் கொட்டிய தோல் மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிருந்தது. அந்த நெயில் பாலிஷ் யாருடையது என்று நான் கேட்கவில்லை, அதையும் நீயே ஒருநாள் சொல்வாய். அக்கா உன்னைத் திட்டவில்லை. கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பி, பின்பலகையில் தான் அந்தக் காலத்தில் ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, யாரோ முதுகு பிளந்ததென்று பட்டறையில் போட்டுவிட்டுப் போன கிட்டார் அது, அவள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி எடுத்தாள், அவள்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்விட்டாய். அம்மாதானே எடுத்துக் கொடுத்தாள் என்பாய். கொடுத்தேன், கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு இது எதற்கு என்று கொடுத்தேன், அதனால் என்ன, வாங்கிக்கொண்டவன் நீதானே. இத்தனை வருடத்தில் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பாயா. என் கிட்டார், என் கிட்டார் என்று எனக்குத்தான் எழுதுவாய்.

வேலையை அவள்தான் செய்தாள். நீ என்னைச் செய்யச் சொன்னாய், ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஓடுகிற மெல்லிய கறுப்புக் கோடு என் கண்ணுக்கு இப்போது இரண்டாகத் தெரிகிறது, இரண்டில் எதை வெட்டட்டும் நான்? ஹேர் டிரையரால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை நுழைத்து, நீ ஊற்றிய பசையைத் துளித்துளியாகக் கிள்ளி எடுத்தாள். அவசரப்பட்டு இழுத்தால் மேல்பலகையின் நார் கூடவே உரிந்து வந்துவிடும், ஒரு சிலாம்புகூட வரவில்லை. பட்டை உட்காருகிற காடியைச் சுற்றிலும் சுரண்டிச் சுத்தம் செய்தாள். நீ கறுப்புப் பட்டை கேட்டிருந்தாய், அவள் பாலாடை நிறத்தில் எடுத்து வைத்தாள். ஏன்டி என்றதற்கு, முதலில் இருந்தது இதுதானே என்றாள். பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். பட்டை ஒட்டுவது ஓர் ஆள் வேலையில்லை என்று உனக்குத் தெரியும், தெரியாவிட்டால் தெரிந்துகொள். ஒருத்தி பட்டையைக் காடிக்குள் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி டேப்பை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கிட்டாரின் வயிற்றுப் பக்கம் டேப்பை இழுத்தாலே பட்டை உட்கார்ந்துவிடும். இடுப்பில் வளைவு உள்ளே போகிறது, அங்கே எவ்வளவு இழுத்தாலும் டேப் அந்தரத்தில்தான் நிற்கும், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பசை பிடிக்கிற வரை நிற்க வேண்டும், கையை எடுத்தால் பட்டை எழுந்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அக்கா இரண்டு கட்டைவிரலையும் கிட்டாரின் இடுப்பில் ஊன்றி நின்ற நேரம் பார்த்து உன் போன் வந்தது. என் இரண்டு கையிலும் பசை. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன், போன் கிட்டாருக்குப் பக்கத்திலேயே மேசைமேல் கிடந்தது. நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். “அம்மா, நீயே பண்ணு. அக்கா கையில குடுத்துராத. அவளுக்கு முரட்டுக் கை, உடைச்சு வச்சிருவா. அவளுக்கு என்ன தெரியும், இது என் பொழப்பு.” இப்படித்தான் சொன்னாய். நான், சரிப்பா, அவள் இதன் பக்கத்திலேயே வரமாட்டாள் என்றேன். வேறு என்ன சொல்வது, பசை காய்ந்துகொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் உன்னோடு மல்லுக்கு நிற்க முடியுமா. நீயும் நிம்மதியாகி, மேடை, விளக்கு, யார் யார் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டே போனாய். அவ்வளவு நேரமும் அவள் உன் குரலுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றாள். நகரவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. கையை எடுத்திருக்கலாம்தான். ஒரு நொடி எடுத்திருந்தால் போதும், பட்டை வாயைப் பிளந்திருக்கும், நீ சொன்ன முரட்டுக் கையும் உண்மையாகியிருக்கும். எடுக்கவில்லை. நகம் வெளுக்க வெளுக்க அழுத்திக்கொண்டு நின்றாள். நீ போனை வைத்த பிறகும் நின்றாள், பசை பிடித்துவிட்டது விடு என்று நான் சொன்ன பிறகும் நின்றாள்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், தேநீர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அடுத்த வாரம் முழுக்க வழக்கம்போல வந்தாள், டேப்பைப் பிரித்தாள், துருத்திக்கொண்டிருந்த பட்டையைத் தகட்டால் சுரண்டி மரத்தோடு மட்டமாக்கினாள், நீ வெளுக்க வைத்த இடத்துக்கெல்லாம் பாலிஷ் பூசி, தேய்த்து, மறுபடியும் பூசினாள். என்னோடு பேச்சு மட்டும் இல்லை, கத்தி கொடு, துணி கொடு, அவ்வளவுதான். எல்லாம் முடிந்ததும் புதுக் கம்பி கட்டி, சுருதி கூட்டி, உட்கார்ந்து வாசித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாசித்து நான் கேட்கவில்லை. பூட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். உண்மையைச் சொல்கிறேன், நீ என் பிள்ளை, உனக்குக் கை தட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், ஆனால் அவள் வாசித்தது வேறு. நீ அந்தக் கிட்டாரை வைத்துப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் வாசித்து முடித்து அதைப் பெட்டிக்குள் வைத்தாள், நான் உன் விலாசத்தை ஒட்டப்போனேன், என் கையை விலக்கினாள். “அவன் என்கிட்ட கேக்கணும்மா. அன்னைக்கு எடுத்துக் குடுத்தியே, நீயும் கேக்கணும்.” இவ்வளவுதான் சொன்னாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து பட்டறைக்கு வரவில்லை. மறுநாள் உன் அத்தான் வந்து அவளுடைய கத்தியும் தகடும் கேட்டு வாங்கிப்போனார், பாவம், திருட வந்தவர் மாதிரி முழித்தார். வீட்டு முன்னறையில் மேசை போட்டுவிட்டாளாம், இங்கே வருகிறவர்களே அங்கேயும் போகிறார்களாம். அப்பா தினமும் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு நேரே அங்கேதான் போகிறார், திரும்பும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வருகிறார், நான் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அவளைப் பெற்றவள் நான், கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான், என் பட்டறையில் என் பசையில் வேலை செய்துவிட்டு என்னையே கேட்கச் சொல்கிறாள். நான் எதற்குக் கேட்க வேண்டும்? இங்கே ஒரு வயலினும் கழுத்து உடைந்த இன்னொரு கிட்டாரும் மேசையில் கிடக்கின்றன, ஒரு பக்கத்தை நான் பிடிக்கிறேன், மறுபக்கத்தைப் பிடிக்க ஆளில்லை. நேற்று இடுக்கியை வைத்து முறுக்கினேன், மரத்தில் பல் பதிந்துவிட்டது. இதற்கெல்லாம் காரணம் நீதான். நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் பட்டையை ஒட்டி, பெட்டியில் போட்டு, தானே கட்டி அனுப்பியிருப்பாள். அவளுடைய முரட்டுக் கை அப்படிப்பட்டது.

அதனால் நீ அவளுக்குப் போன் செய். சாயங்காலம் செய், காலையில் செய்தால் அவளுக்கு அடுப்படி வேலை. கச்சேரிப் பேச்சை எடுக்காதே, அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, அழுது காரியம் சாதிக்கிற வேலை என்னிடம் செல்லும், அவளிடம் செல்லாது. அது உன் கிட்டார்தான் அக்கா, எனக்குத் தருவாயா என்று கேள். தரமாட்டேன் என்று சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு வை. பெரும்பாலும் தரமாட்டாள், நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

இரவில் எண்ணெய்ப் பண்டம் தின்னாதே, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பழகு. உன் விரலுக்கும் குரலுக்கும் ஒரு குறையும் வராமல், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவளிடம் கேட்கும்போது எனக்கும் சேர்த்துக் கேட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா