மூணும் ஒண்ணுதாம்பா

குட்டிம்மா,

கடைக்குக் கிளம்பிவிட்டேன். பள்ளிச் சீருடைத் தையலை இன்றே முடித்தாக வேண்டும். முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே.

ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டு டீச்சர் வருவார். உன் வீடியோ கேம் பொம்மைகளில் நான் தூக்கிக் கொடுத்த இரண்டையும் திருப்பித் தருவார். நான்தான் போய்க் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பொம்மைகளில் எனக்கு இன்னும் தலை எது, வால் எது என்று புரியவில்லை. முட்டைக்குள் உட்கார்ந்திருப்பது ஒன்று, கொம்பு முளைத்தது ஒன்று, இறக்கை விரித்து நிற்பது ஒன்று. "இதெல்லாம் வேற வேறயா?" என்று போன வாரம் கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே, "மூணும் ஒண்ணுதாம்பா" என்றாய். அப்படியானால் ஒன்று போதுமே என்று, பெரியதை வைத்துக்கொண்டு சின்னது இரண்டையும் டீச்சரின் வகுப்புக்குக் கொடுத்தேன். அதற்குப் போய் நேற்று அப்படி அழுதாயே! "அதுதான் வளர்ந்து இதாகுதுப்பா" என்கிறாய். சரி, வளர்ந்துதான் விட்டதே, அப்புறம் சின்னது எதற்கு?

சாவி, செருப்பு அலமாரியில் உன் பழைய ஷூவுக்குள்.

அப்பா

பி.கு.: இப்போதுதான் ஞாபகம் வந்தது. கடையில் உன் அளவுச் சீட்டு மூன்றையும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்: மூன்று வயது, பத்து வயது, இப்போது. "பழசு ரெண்டையும் கிழிச்சுப் போட்டுடவா?" என்று கட்டிங் மாஸ்டர் ஒருநாள் கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.