நான் சொல்லாத வணக்கம்

அனுப்புநர்:
குறைகேட்பு மேசை ஊழியர்,
சலவை இயந்திர நிறுவனம்.
(பெயரும் முகவரியும் மூடிய உறையில் தனியே உள்ளன. என் பெயர் ஏற்கெனவே வேண்டிய அளவு ஊர் சுற்றிவிட்டது.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: கட்டணம் வாங்கித் துணை தேடித் தரும் செயலி ஒன்று, நான் விலகிய பின்பும் என் படத்தை வைத்து முன்பின் தெரியாத ஆண்களுக்கு வணக்கம் சொல்லி வருவதும், அதனால் என் திருமணம் நின்றதும் குறித்து நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சலவை இயந்திரம் விற்கும் நிறுவனத்தில், தொலைபேசியில் குறை கேட்கும் வேலையில் இருக்கிறேன். காலையில் மாட்டும் ஹெட்போனை மாலையில்தான் கழற்றுவேன். மணமுறிவு பெற்றவள். அந்தக் கதைக்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை. கேட்டாலும் சொல்வதாக இல்லை. மறுபடி ஒரு துணை வேண்டும் என்று நினைத்தேன். அது குற்றமில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

2. இலவசச் செயலிகளின் லட்சணம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கப்பல் கேப்டன் என்று சொல்லிக்கொண்டு உருகி உருகிப் பேசிய ஒருவர், கடைசியில் தம் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யச் சொன்னார். எனவே பணம் கட்டும் செயலிதான் சரி என்று முடிவு செய்து, மூன்றைப் பொறுக்கி எடுத்தேன். மற்றவர்கள் நட்சத்திரங்களையும் விமர்சனங்களையும் பார்ப்பார்கள். அவற்றை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே என் தொழில் புத்தியைக் காட்டினேன். மூன்றின் வாடிக்கையாளர் சேவைக்கும் போன் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் இயந்திரம் பேசி, ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று என் உயிரை வாங்கியது. மூன்றாவதில் ஒரு பெண் உடனே எடுத்தார். குரலில் சலிப்பில்லை. கேள்வியை முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. இவ்வளவு ஒழுங்காகப் போன் எடுக்கிற இடம் ஏமாற்றாது என்று நம்பி ஆண்டுச் சந்தாவே கட்டினேன். அடையாள அட்டையைக் காட்டி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு, என் படத்தின் மேல் 'நம்பகமானவர்' என்று பச்சை முத்திரை விழுந்தது.

3. அந்தச் செயலியால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதில்தான் ஒரு பேருந்து ஓட்டுநரைச் சந்தித்தேன். அவர் எடுத்த எடுப்பில், "எங்க வீட்டு மெஷின் தண்ணிய வெளிய விடமாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்றுதான் கேட்டார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். உள்ளே அகப்பட்ட ஒற்றைச் சாக்ஸைப் படமெடுத்து அனுப்பினார். அப்படித்தான் ஆரம்பித்தது. மனிதர் அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்பதையே வேலையாக வைத்திருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அலுவலகத் தமிழில் விளக்க எனக்குத் தெரியவில்லை. பதிவுத் திருமணத்துக்கு நாள் வாங்கினோம். இரண்டு அறை கொண்ட வீடு பிடித்து, சமையலறைச் சுவருக்கு நாங்களே வண்ணம் அடித்தோம். அந்த வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் செயலியிலிருந்து விலகினோம். 'உங்கள் கணக்கு மூடப்பட்டது, வாழ்த்துகள்' என்று பூப் படத்தோடு செய்தி வந்தது.

4. ஓட்டுநரின் அக்கா தையல் கடை நடத்துகிறார். தம்பி என்றால் அவருக்கு உயிர். என்னைப் பற்றி விசாரிக்க நினைத்து, ஓர் ஆண் பெயரில் அதே செயலிக்குள் நுழைந்தார். முத்திரை வேண்டாதவர்கள் எவரும் சும்மா நுழையலாமாம். அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்கொரு தம்பி இருந்தால் நானும் செய்திருப்பேன். அவர் நுழைந்ததும் என் படம் பச்சை முத்திரையோடு முன்னால் வந்து நின்றது. 'இப்போது இணைப்பில் இருக்கிறார்' என்றது. அதோடு விட்டதா? "வணக்கம், உங்கள் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, பேசலாமா?" என்று செய்தியும் அனுப்பியது. அவர் போட்டிருந்தது தம் தையல் இயந்திரத்தின் படம். அதன் சிரிப்புதான் எனக்குப் பிடித்துவிட்டதாம். பதில் எழுதப் போனவரிடம் சந்தா கட்டச் சொன்னது. கோபத்தில் இருந்த அக்கா இதையெல்லாம் யோசிக்கவில்லை. "உன் ஆளு எனக்கே வலை விரிக்குதுடா" என்று தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

5. ஓட்டுநர் பணிமனையிலிருந்து சீருடையோடு நேராக அந்த வீட்டுக்கு வந்தார். நான் எவருக்கும் எதையும் அனுப்பவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "நீ பேசலைன்னா, போட்டோ தானா பேசுமா?" என்று கேட்டார். தானாகத்தான் பேசுகிறது, ஐயா! அதை அந்த நேரத்தில் நான் எதைக் காட்டி நிரூபிப்பது? தம்மிடம் இருந்த சாவியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். பதிவு அலுவலகத்தில் வாங்கிய நாளும் வந்து போயிற்று. அன்றைக்கு எடுத்திருந்த விடுப்பை நான் ரத்து செய்யவில்லை. வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

6. பிறகு செயலியின் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பெண், அதே தேன் குரல். "அது ஒரு வசதி மேடம். உங்களுக்குச் சீக்கிரம் ஆள் கிடைக்கணும்னு உங்க சார்பா நாங்களே வணக்கம் சொல்லிடுவோம்" என்றார். நான் எப்போதோ விலகியாயிற்றே என்று கத்தினேன். "விலகுனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வந்துடுவாங்க மேடம். அதுவரைக்கும் உங்க இடத்தைப் பத்திரமா வெச்சிருக்கோம்" என்றார். என் குடும்பம் உடையும் என்று கணக்குப் போட்டுக் காத்திருக்கிறார்கள். உடையாவிட்டால் உடைத்தும் கொடுக்கிறார்கள். முடிவில், "உங்க உணர்வுகளை மதிக்கிறோம் மேடம்" என்றார். அது நான் தினமும் சொல்லும் வாக்கியம். போனை வைக்கப் போகிறோம் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. வைத்துவிட்டார்.

7. தங்கள் அலுவலக முன்மேசையில் இதைச் சொன்னபோது, "காதல் விவகாரத்துக்கெல்லாம் இங்க மனு வாங்குறதில்லம்மா" என்று எழுத்தர் சிரித்தார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இது சரக்கு விவகாரம். உண்மையான ஆள் என்று காட்டுவதற்காக நான் காசு கொடுத்து முத்திரை வாங்கினேன். அந்த முத்திரை இருப்பதால்தான் என்னைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். இலவசச் செயலியில் பொய் ஆட்கள் ஏமாற்றுகிறார்கள். இங்கே மெய்யான ஆளை வைத்து ஏமாற்றுகிறார்கள். எந்தச் செயலிக்குப் பணம் கட்டலாம் என்று என்னிடம் யோசனை கேட்டு, என் பேச்சை நம்பிப் பக்கத்து இருக்கைத் தோழியும் இதில் சேர்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8. அந்தத் தோழிக்குப் போன வாரம் ஒரு வணக்கம் வந்தது. அனுப்பியவர் நம் ஓட்டுநர். நீலச் சீருடை, பச்சை முத்திரை, 'இப்போது இணைப்பில் இருக்கிறார்', உங்கள் சிரிப்பு பிடித்திருக்கிறது, எல்லாம் அப்படியே. தோழி அதைப் படமெடுத்து என்னிடம் காட்டினார். எனக்கு ஒரு நொடிகூட ஓட்டுநர் மேல் சந்தேகம் வரவில்லை. அவர் முகம் தெரியாத பெண்ணின் சிரிப்பைப் புகழ்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். "இதை உடனே அவருக்கு அனுப்புடி, எல்லாம் சரியாயிடும்" என்றார் தோழி. அனுப்பினால் சரியாகியிருக்கும்தான். விரல் வரை வந்தது, அனுப்பவில்லை. நான் அவரை நம்ப எனக்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை. அவர் என்னை நம்ப இந்தப் படம் தேவைப்படுகிறது என்றால், அந்த வீட்டில் நான் எப்படிக் குடியிருப்பது?

9. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை: எங்கள் இருவர் படங்களையும் அந்தச் செயலியிலிருந்து அடியோடு நீக்கச் செய்யுங்கள். என் பெயரில் வணக்கம் பெற்ற ஒவ்வொருவருக்கும் 'அதை அனுப்பியது அந்தப் பெண் அல்ல, நாங்கள்தான்' என்று நிறுவனத்தையே எழுதச் சொல்லுங்கள். விலகிய ஒருவரின் படத்தை ஒரு நாள் வைத்திருந்தாலும் தண்டனை உண்டு என்று ஆணை போடுங்கள். சந்தாவைத் திருப்பித் தருகிறோம் என்று வருவார்கள், விட்டுவிடாதீர்கள். என் திருமணம் நின்றதற்கு நிறுவனமே காரணம் என ஓட்டுநருக்குச் சான்று தர வேண்டும் என்றும் முதலில் ஒரு கோரிக்கை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.

இந்த மனு மேசை மேசையாக நகர்ந்து ஓய்வெடுக்கப் போகிறது என்றால், அதை இப்போதே சொல்லிவிடுங்கள். தங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார எனக்கு இன்னும் நிறைய விடுப்பு மிச்சமிருக்கிறது.

நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை.
இடம்: அலுவலக உணவறை.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்.

நகல்: மேற்படி பேருந்து ஓட்டுநருக்கு, பணிமனை முகவரியில், பத்தி 8-இல் கண்ட படத்துடன். தகவலுக்காக மட்டும். அவர் தரப்பில் நடவடிக்கை எதுவும் தேவையில்லை.