கூரைத் தண்ணீர்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் மாட்டுக்கொட்டகை என்ற சொல்லை நான் எடுத்தாலே உங்களுக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் உங்களைக் கொண்டிருக்கிறாள், சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பள்ளிக்குப் போகப் புதுச் செருப்பு கேட்கிறாள். அப்பா வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பால் ஆலையில் கேட்கிறார்கள், யோசிக்கிறேன் என்று சொன்னீர்கள். நீங்கள் யோசிக்கிறேன் என்றால் முடிவு பண்ணியாகிவிட்டது என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? சொந்த மாட்டைக் கறந்த கை, யாரோ கறந்த பாலைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போன வாரம் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். நம் சாணிக்குழி வழிந்து ஓடையில் கலக்கிறது என்று நோட்டீஸ் கொடுத்தாளே, அதே அதிகாரிதான். அன்று நீங்கள் திட்டிய திட்டு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை போல. வாசலிலேயே நின்று, "சார் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். மாடுகள் போய்விட்டன, பண்ணை மூடியாயிற்று என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தாள். அத்தோடு நம் அனுமதி ரத்தாகிவிடும்.

கொட்டகையைக் காட்டினேன். நீங்கள் கழுவிவிட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது. கூட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் காலையில் ஒரு தடவை கூட்டிவிடுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பிறகு சாணிக்குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். குழி நிரம்பி விளிம்பில் நிற்கிறது. ஓரமாக ஓடைப் பக்கம் கசியவும் செய்கிறது.

மாடுகளை ஏற்றி அனுப்பிய பிறகு டேங்கர் வைத்து அடிவரை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தானே நீங்கள் ரயில் ஏறினீர்கள்? அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "மாட்டை எங்கக்கா கட்டியிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றாள். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். வைக்கோல் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மாடு என்ன பூனைக்குட்டியா, கூடையைக் கவிழ்த்து ஒளித்து வைக்க? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கொட்டகைக்குள் ஓடி நின்றோம். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் பேச முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து குபுகுபுவென்று வேறு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தோம். கூரைத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாக இறங்கிக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாய் எப்போது வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால் கேனைத் தூக்கிக்கொண்டு வரும்போது முற்றத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வருஷம். கட்டுப் போட்டு என்னை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, ஒருவரையும் கூப்பிடாமல் நீங்களே ஏணி போட்டு ஏறினீர்கள். கூரை ஓரம் முழுவதும் தகரத்தை வளைத்து வாய்க்கால் கட்டினீர்கள். முற்றத்தில் இனி ஒரு சொட்டு விழக் கூடாது என்று குழாயைக் கிட்டத்தில் இருந்த குழிக்குள் இறக்கினீர்கள். இனிமேல் நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டுகூட முற்றத்தில் நடக்கலாம் என்று பெருமை அடித்தீர்கள். எனக்காகப் போட்ட குழாய் அது.

குழியை நிரப்பியது நம் மாடுகள் இல்லை, மழை. அந்தப் பெண் தீவனத் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாரும் குழியத்தான்கா எட்டிப் பாத்தோம். ஒருத்தரும் மேல பாக்கலையே" என்றாள். கூரைத் தண்ணீரைத் தனியாக விட்டிருந்தால் நம் மாடுகளுக்கு இந்தக் குழியே தாராளம் என்றும் சொன்னாள். குழி பத்தாது, இன்னொன்று வெட்ட இடமும் இல்லை தெம்பும் இல்லை என்றுதானே அத்தனையையும் விற்றோம்!

இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். குழி சின்னது என்று நம்பிக்கொண்டு அங்கே நிம்மதியாகவாவது இருப்பீர்கள். தெரிந்தால் உங்களை நீங்களே தின்றுவிடுவீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்து, இல்லாத ஒரு காரணத்துக்காக நீங்கள் இன்னும் இரண்டு வருஷத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு உங்களுக்குச் சோறு போடுவேன்?

நம் கோபக்காரிப் பசுவைத் தேடி வியாபாரியிடம் போனேன். அவளையாவது திருப்பிக் கேட்கலாம் என்று ஓர் ஆசை. கைமாற்றி விட்டேன், யாரிடம் போனதோ தெரியாது என்று சொல்லிவிட்டார். உங்களைத் தவிர யார் வந்தாலும் உதைப்பாளே, இப்போது எந்த ஊரில் யாரை உதைத்துக்கொண்டிருக்கிறாளோ. அன்று லாரியில் ஏற மாட்டேன் என்று நின்றவளை நீங்கள்தான் காதில் ஏதோ சொல்லி ஏற்றினீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மீன் வளர்க்கிற அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். மீன் செத்து மிதந்தபோது நம் மேல் புகார் எழுதிப் போட்டவர்தான். அன்றோடு நீங்கள் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, ஏணியும் வளைவுக்கு ஒரு எல்போவும் கொண்டுவந்து, அவரே ஏறிக் குழாயைக் குழியிலிருந்து வெளியே திருப்பிவிட்டார். "எழுதிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பேசியிருக்கணும்மா" என்றார். காலிக் கொட்டகையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டீ கொடுத்தேன், வேண்டாம் என்று போய்விட்டார்.

குழியை மறுபடி இறைத்தாயிற்று. அதற்குப் பிறகு நல்ல மழை. அடியில் ஒரு விரல் அளவுகூட ஏறவில்லை.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் பண்ணை மூடியதாக எழுத மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாட்டோடு மறுபடி ஆரம்பித்தாலும் பழைய அனுமதியே செல்லுமாம். மழை நாளில் சாணியை வயலுக்கு விடக் கூடாது, ஓடைக் கரையை ஒட்டி விடவே கூடாது, அவ்வளவுதான். பால் பண்ணையாளர்களுக்கு மாதாமாதம் வருமே, அந்தப் பத்திரிகையில் இதைப் போடலாமா என்று கேட்டாள். குழி நிரம்பினால் முதலில் கூரையைப் பாருங்கள் என்று போடுவார்களாம். பேர் வேண்டாம், போட்டுக்கொள் என்றேன். நம்முடைய இத்தனையும் அவர்களுக்கு இரண்டு வரி. வேறு யாராவது மாட்டை விற்காமல் இருந்தால் சரி.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடைந்தது என் கை, அதற்காகப் போட்ட குழாய். இதில் யார் யாரைக் குறை சொல்வது? இதை மட்டும் இரண்டு தடவை படித்துவிடுங்கள்.

ஒரு சங்கடம்தான். குழாயைத் திருப்பியாயிற்றே தவிர, ஓடை வரைக்கும் கொண்டுபோக நீளம் போதவில்லை. பாதியில் நிற்கிறது. மீன்கார அண்ணன் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம், எங்கள் வீட்டுக்காரர் வந்து போடுவார் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீர் முழுவதும் இப்போது பழையபடி முற்றத்தில்தான் விழுகிறது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

முற்றம் ரொம்ப வழுக்குகிறது. பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி