பிரமிளாவின் முதல் சண்டை

மனுரேவா, ஆக்லாந்து
15.06.1986

அன்பின் அத்தானுக்கு யோகராணி எழுதுவது,

நானும் அக்கா வீட்டாரும் சுகம். சென்னையில் உங்கள் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பக்டரியில் பிஸ்கட் பெட்டி ஒட்டுகிற வேலை அப்படியே இருக்கிறது. பயிற்றப்பட்ட ஆசிரியை என்ற என் சான்றிதழை இந்த நாட்டில் இன்னும் ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனந்தராசா அண்ணை தருவதாகச் சொன்ன கடிதம் வராது. உங்களுக்குப் படவரைஞர் வேலை தருகிறோம் என்று எல்லர்ஸ்லியில் உள்ள அவருடைய கம்பனி எழுதினால்தான் உங்களுக்கு விசா. என் தற்காலிக விசாவை வைத்துப் புருஷன் என்று உங்களைக் கூப்பிட முடியாது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தை இழந்தேன். நடந்ததைக் கேளுங்கள்.

அவர் இங்கே தமிழ்ச் சங்கத் தலைவர். மனுகாவ் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பை என்னிடம் தந்தவரும் அவர்தான். பெப்ரவரியில் பரிசளிப்பு விழாவில் அரைமணி நேரம் பேசினார். யூதரைப் பாருங்கள், இரண்டாயிரம் வருடம் வாயில் புழங்காமல் கிடந்த எபிரேய மொழியை எழுப்பிச் சந்தையில் பேசவைத்தார்கள், நாங்களும் எழும்புவோம் என்றார். எல்லோரும் கைதட்டினோம். மேடையை விட்டு இறங்கியதும் மகனிடம் கோட்டைப் போடச் சொன்னார், ஆங்கிலத்தில்.

எனக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. நூலகத்தில் புத்தகம் தேடி எடுத்து இரண்டு சனிக்கிழமை இருந்து வாசித்தேன். அண்ணை சொல்லாமல் விட்டது நிறைய. வழிபாட்டுக்கென்று வைத்திருந்த மொழியை அடுப்படிக்குக் கொண்டுவந்தவர்களை அவர்களுடைய சொந்தச் சனமே தூற்றியதாம். பொம்மைக்கும் ஐஸ்கிறீமுக்கும் சொல் இல்லாமல் புதிதாக உண்டாக்கினார்களாம். வாத்திமார் எதையும் மொழிபெயர்க்காமல் எபிரேயத்தை எபிரேயத்திலேயே படிப்பித்தார்களாம். நாடு நாடாக வந்த சனத்துக்கு வேறு பொது மொழி இல்லாததால் அது பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பிறகு பலம் வந்ததும் வேறு மொழி கதைத்தவர்களைத் தெருவில் அவமானப்படுத்தினார்கள் என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. அந்த யூத நாட்டுக்காரர் கொழும்பில் ஆமிக்குப் பயிற்சி கொடுப்பதாக நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. அவர்களுடைய அரசாங்கத்தை நான் புகழவில்லை. அந்த வாத்திமாரைச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு குறள் மனப்பாடத்தை நிறுத்தினேன். வகுப்புக்குள் ஆங்கிலம் கிடையாது. பாணும் பட்டரும் கத்தியும் கொண்டுபோய், வெட்டு, பூசு, தா, எனக்கு வேண்டாம் என்று தொடங்கினோம்.

அந்த நேரத்தில்தான் ராம்சாமி வந்தார். எங்கள் பக்டரியில் போர்க்லிப்ட் ஓட்டுகிற பிஜிக்காரர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன தமிழரின் பேரன். வீட்டில் ஹிந்திதான். ஆனால் தீமிதிக்குப் பாடுகிற மாரியம்மன் பாட்டு முழுவதையும் தமிழில் பாடமாக வைத்திருக்கிறார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பாடிவிட்டு, இதில் நான் அம்மனிடம் என்னதான் கேட்கிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். மழை கேட்கிறீர்கள் என்றேன். ஆக்லாந்தில் அது கேட்காமலே கிடைக்கிறதே என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் மகளைச் சேர்ப்பீர்களா என்றார். புத்தகத்தில் நான் வாசித்த ஆள் மேடையில் இல்லை அத்தான். சாப்பாட்டுப் பெட்டியோடு எனக்கு முன்னால் இருந்தார்.

மகள் பிரமிளாவுக்கு எட்டு வயது. மாமன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிறு அவளுடைய பாண் துண்டை அண்ணையின் மகன் பறித்துவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்து, அது என்ர, தாடா குரங்கு என்றாள். டா போட நான் படிப்பிக்கவில்லை. அவன் உடனே, நீதான் குரங்கு, உன்ர மூக்கைப் பார் என்றான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. விலக்கிவிட நான் கொஞ்சம் பிந்தினேன் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்றைக்கு அண்ணை மண்டபத்துக்கு வந்தார். இதுதானோ தங்கச்சி நீர் படிப்பிக்கிற தமிழ் என்று கேட்டார். உங்கட மகன் தானாக் கதைச்ச முதல் தமிழ் அதுதான் அண்ணை, தேதியை எழுதி வையுங்கோ என்றேன். முகம் கறுத்துவிட்டது. இவையள் எங்கட ஆக்களில்லை, கூலிக்குப் போன சனம், எங்கட பிள்ளையளின்ர உச்சரிப்புப் பழுதாப் போகும், இனிக் கூட்டிவர வேண்டாம் என்றார். கொஞ்சம் பொறுத்து, உம்மட மனுசன்ர கடிதம் இன்னும் என்ர மேசையிலதான் கிடக்குது என்றார். இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நானும் இங்க பெட்டி ஒட்டத்தானே வந்தனான் அண்ணை, அது கூலி இல்லாமல் வேற என்ன என்று கேட்டேன். மண்டபம் பூட்டுகிற திறப்பைத் தரச் சொன்னார். கொடுத்துவிட்டேன்.

அக்கா பின்னேரம் முழுக்க அழுதாள். அண்ணை அவளுக்கு டெலிபோன் எடுத்தாராம். அடுத்த ஞாயிறு நான் மன்னிப்புக் கேட்டு அந்தப் பிள்ளைகளை நிறுத்தினால் திங்கட்கிழமை கடிதம் போகுமாம். கேட்கமாட்டேன். அடுத்த ஞாயிறு வகுப்பு ராம்சாமியின் கராஜில் நடக்கும். எங்கள் யாழ்ப்பாணப் பிள்ளைகள் பதினொரு பேரில் இரண்டு பேர் வந்தால் பெரிய காரியம். அந்த மூன்று பேரோடு ஐந்து. சண்டை பிடிக்க ஐந்து பேர் போதும்.

ராம்சாமியின் மச்சான் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். உங்களுக்கு அவரிடம் கடிதம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். படம் வரைகிற வேலை இல்லை, பலகை தூக்குகிற வேலை. அதற்கு விசா கொடுப்பார்களோ தெரியாது. கொடுத்தாலும் ஒரு வருடம் பிடிக்கும் என்கிறார்கள்.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் பணிந்து போ என்று எழுதியிருப்பீர்கள். நான் போயிருக்கமாட்டேன். கேட்டும் மீறுவது இதைவிட மோசம்.

சென்னையில் காத்துக் காத்து அலுத்துவிட்டது, ஊருக்கே திரும்பலாம் போல இருக்கிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஊரில் ஆமி இளம் ஆண்களைச் சுற்றிவளைத்துப் பிடிக்கிற நேரத்தில் அந்த வரியைப் பத்துத் தரம் வாசித்தேன். என்னோடு எவ்வளவு கோபம் என்றாலும் படகு ஏறாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் ஒக்டோபரில் முடிகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்ப் புதுப்பியுங்கள். ஒரு வருடத்துக்கு அல்ல, அவர்கள் கொடுக்கிற முழுக் காலத்துக்கும்.

நல்லூரான் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
யோகராணி