வேர் வரும்வரை வெட்டக் கூடாது

செவ்வாய்க் கோள், கீழ்க்குகைக் குடியிருப்பு. செடி அறைப் பதிவு.
எழுதுபவர்: அ. பிரிசில்லா, ஒன்பதாம் வகுப்பு.

நாள் 188, காலை 7:10

இந்தப் பதிவைப் பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கே பாதகமானாலும் மறைக்க மாட்டேன்.

வெப்பம் இருபத்து நான்கு. காற்றில் ஈரம் போதுமான அளவு. குட்டை ஆர்க்கிட்டின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. பூந்தண்டின் கணுக்களில், மொட்டு வர வேண்டிய இடத்தில், மூன்று குட்டிச் செடிகள் முளைத்திருக்கின்றன. பெரியதற்கு இரண்டு இலை. வேர் எதற்கும் இல்லை.

எல்லோரும் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தாய்ச்செடி சாகப்போகிறது, அதனால்தான் குட்டி விடுகிறது. போன விழாவில் நிர்வாகி சுந்தரவதனம் சார் படம் எடுப்பதற்காக அதன் உச்சியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். உச்சி அழுகிவிட்டது. செவ்வாயில் வேறு ஆர்க்கிட் கிடையாது. இந்த மூன்றும் பிழைத்தால்தான் உண்டு.

நாள் 201, மாலை 4:30

ஒவ்வொரு குட்டியின் அடியிலும் ஈரப் பாசியை நூலால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். காலையில் பாசிமேல் மட்டும் தெளிக்கிறேன். இலைகளின் நடுவில் சொட்டுகூட நிற்கக் கூடாது. பெரியதில் ஒரு வேர்நுனி தெரிகிறது. பச்சை நிறம், அரிசி அளவு. விரலில் இரண்டு கணு நீளத்துக்கு இரண்டு மூன்று வேர் வந்த பிறகுதான் வெட்ட வேண்டும். கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் தடவினால் பூஞ்சை வராது.

சமையலறையில் பட்டைத்தூள் கேட்டேன். இண்டர்காமில் சார்:

"ஏம்மா பிரிசில்லா, ஆர்க்கிட்டுக்குப் பிரியாணியா போடப்போற?"

பின்னால் நான்கைந்து பேர் சிரித்தார்கள். தூள் கிடைத்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நாள் 219, காலை 8:05

ஒலிபெருக்கியில் அறிவிப்பு:

"நாளைக்கு ஆண்டு விழா. வடகுகையிலேர்ந்து வர்ற மூணு சிறப்பு விருந்தினருக்கும் தாம்பூலப் பையில ஆளுக்கொரு ஆர்க்கிட் குட்டி. செவ்வாய்லயே பொறந்த செடி!"

பெரியதன் வேர் நகம் அளவு. மற்ற இரண்டுக்கும் வேரே இல்லை. வேர் இல்லாமல் வெட்டினால் அது செடி இல்லை, கீரை. அவர்கள் திரும்பிப் போகும் வண்டியில் குளிர் வேறு. இண்டர்காமில் இதையெல்லாம் சொன்னேன். பதில்:

"வாடினா என்னம்மா? குடுக்கும்போது பச்சையா இருந்தாப் போதும். படத்துல அதுதான் விழும்."

ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. படிப்பவரே, அவர் பெயர் சுந்தரவதனம்.

நாள் 220, காலை 10:20

செடி அறைக்குள் இருக்கிறேன். உள்ளே கைத்தாழ் போட்டுவிட்டேன். காற்று கசியும் ஆபத்துக்காக வைத்த தாழ். வெளியிலிருந்து திறக்க முடியாது. இது விதிமீறல். தெரிந்துதான் செய்தேன்.

தாய்ச்செடியின் கடைசி இலையும் உதிர்ந்துவிட்டது. பூந்தண்டு மட்டும் பச்சையாக நிற்கிறது, மூன்றையும் தூக்கிக்கொண்டு.

10:50

"பிரிசில்லா, விருந்தாளிங்க வந்தாச்சு. கதவத் திறம்மா. மேடையில உனக்கும் ஒரு சான்றிதழ் இருக்கு."

சான்றிதழ்! தண்ணீர் ஊற்றிக் கொன்றவர் தருகிறாராம். நான் சொன்னது:

"வேர் வரட்டும் சார், நானே தர்றேன். இன்னைக்குப் பையில மிட்டாய் போட்டுக் குடுங்க."

11:05

அவர் இண்டர்காம் பொத்தானை விட மறந்துவிட்டார். எல்லாம் கேட்கிறது. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடியிருப்பின் மின்பலகை அம்மா பொறுப்பு.

"எஸ்தர், அந்த அறைக்குப் போற கரண்ட் மொத்தத்தையும் நிறுத்துங்க. ஹீட்டர், ஃபேன், லைட்டு, எல்லாம். குளிரெடுத்தா தானா வெளிய வருவா."

"சார், உள்ள இருக்கது என் பிள்ள."

"அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்."

"சரி சார்."

சரி சார். அவ்வளவுதானா அம்மா? வேறு வார்த்தையே வரவில்லையா? இதையும் எழுதுகிறேன். எல்லோரையும் எழுதுகிறேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றித் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.  

11:15

இருட்டு. எழுத்து கோணலாக வருகிறது. குளிருக்காகக் காத்திருக்கிறேன்.

வரவில்லை.

ஹீட்டர் உறுமுகிறது. கையை வைத்துப் பார்த்தேன், சூடு வருகிறது. ஃபேனும் ஓடுகிறது. இண்டர்காமில்:

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சா?"

"ஆச்சு சார். நீங்களே கண்ணாடி வழியாப் பாருங்க, உள்ள ஒரே இருட்டு."

தாழை எடுக்க மாட்டேன். கோபமும் போகவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் ஆர்க்கிட் சாகாது. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

11:20

11:15 மணிக்குச் செடி அறையில் விளக்குகள் மட்டும் அணைக்கப்பட்டன.