புனிதர் நாள் காப்பி

போஸ்னியா, 3 மார்ச் 2000

அன்புள்ள ஜும்ரா,

நலம்தானே? சுவீடனில் பனி விட்டதா? ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த உரிமையில் கேட்கிறேன், கோபிக்காதே.

என் அக்கா மகன் ராங்கோ ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்தில் நிற்கிறான். போரின்போது நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணை அடைத்து வைத்துக் கெடுத்தானாம். அடைக்கவே இல்லையடி! கதவைப் பூட்டியதே கிடையாது. எங்கள் குடும்பப் புனிதர் நாள் விருந்துக்குக்கூடக் கூட்டி வந்தான். எல்லோருக்கும் அவள்தான் காப்பி கொடுத்தாள். கெட்ட எண்ணம் இருந்தால் அப்படிச் செய்வானா?

அவளுக்குப் பத்தொன்பது வயது என்று நினைத்தானாம். பள்ளிப் பதிவேடும் எரிந்துவிட்டது. நீ அவள் வகுப்பாசிரியை, உன்னைச் சாட்சிக்கு அழைப்பார்கள். "வயசு ஞாபகம் இல்லை" என்று சொல், போதும்.

முத்தங்களுடன்,
ரதோய்கா

மால்மோ, 19 மார்ச் 2000

அன்புள்ள ரதோய்கா,

பனி விட்டது, முழங்கால் வலி விடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் என்றாவது வகுப்பறையைப் பூட்டினோமா? ஆனாலும் நம் முகத்துக்குப் பயந்து ஒரு பிள்ளைகூட எழுந்து வெளியே போகாது. நம் கையில் துப்பாக்கிகூட இல்லை. ஊரெல்லாம் உங்கள் செர்பியத் துப்பாக்கிக்காரர்கள் நிற்கும்போது, என்னைப் போல முஸ்லிமான அவள் எந்தக் கதவைத் திறந்து எங்கே போவாள்? அதனால்தான் வன்புணர்ச்சியோடு அடிமைப்படுத்தல் என்றும் குற்றம் சாட்டியிருக்கிறார்கள்.

புனிதர் நாளுக்கு நீங்கள் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள். நானும் வருஷா வருஷம் அப்படித்தான் வந்தேன். அவளை மட்டும் ராங்கோ இழுத்து வந்தான். அவள் கையில் காப்பித் தட்டைக் கொடுத்தது நீயாகத்தான் இருக்கும்.

அவளுக்கு அப்போது பதினைந்து. உன் பாட்டு வகுப்பில் முன்வரிசையில் நின்றவள். ஒன்று மட்டும் சொல். அன்று அவள் உன்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாளா?

ஜும்ரா

போஸ்னியா, 2 ஏப்ரல் 2000

ஜும்ரா,

வீடு நிறையக் கூட்டம், பாட்டு, சாராயம். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படிக் கேட்கும்? அக்கா அழுதே சாகிறாள். நீ கல்லாகிவிட்டாய்.

ரதோய்கா

ஹேக், 11 மே 2000

ரதோய்கா,

வயதைச் சொல்லிவிட்டேன். "இத்தனை வருஷம் கழிச்சு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?" என்று ராங்கோவின் வக்கீல் சிரித்தார். "அந்த வகுப்புல எல்லாப் பிள்ளைங்க வயசும் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

என் முறை முடிந்ததும் உட்கார்ந்து கேட்டேன். அவள் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். பாதுகாப்புக்காக அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நீ பதில் சொல்லாத கேள்விக்கு அவள் சொன்னாள்:

"'டீச்சர், நான்தான்'னு சொன்னேன். அவங்க என்னை நல்லாப் பாத்தாங்க. அப்புறம், 'காப்பி ஆறுது, அந்தப் பக்கம் கொடு'ன்னாங்க."

இனி எனக்கு எழுதாதே.

ஜும்ரா