கட்டையைக் கடித்துக் கேட்டவருக்கு

பக்கத்து வீட்டில் இன்று வஜ்ஜிரம் காய்ச்சுகிறார்கள். மாட்டுத் தோலை வேகவைத்து எடுக்கிற அந்தப் பசையின் நாற்றம் உங்களுக்குத் தெரியாததல்ல. கதவுப் பலகை ஒட்டவேண்டுமென்று ஆசாரி காலையிலேயே அடுப்பை மூட்டிவிட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். நான் மட்டும் கொல்லைச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நம் பேத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "நாறுது அப்பத்தா, உள்ள வா" என்றாள். வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே வந்து தாளை எடுத்தேன்.

உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது வாயால் சொல்லாத பெயரை இப்போது மையால் எழுதி என்ன ஆகப்போகிறது. எழுத்தே தெரியாத உங்களுக்கு மடல் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் ராசிங்காபுரத்தில் அந்த நாளில் ஐந்தாம் வகுப்பு தேறிய பெண்பிள்ளை யார் என்று கேட்டால் என் ஒருத்தியைத்தான் காட்டுவார்கள். படித்ததை எங்காவது செலவழிக்க வேண்டும் அல்லவா.

நீங்கள் மலையில் ஏலக்காய்க்குத் தரம் பார்த்தீர்கள். ஒரு பிடி காயை அள்ளி, விரல்களை மூடி, அந்தப் பிடிக்குள் சூடாக ஓர் ஊது ஊதி, உடனே முகர்வீர்கள். எந்தச் சரிவில் விளைந்தது, பிஞ்சில் பறித்ததா, காயவைக்கும் கொட்டகையில் புகை கூடிப்போனதா, எல்லாம் சொல்லிவிடுவீர்கள். போடி வியாபாரிகள் அதற்கு மேல் வாய் திறந்ததில்லை. அந்த மூக்கைப் பற்றி உங்களுக்குக் கர்வம் உண்டு. எனக்கும் உண்டு. தண்ணீர்த் துறையில் நான் அதைப் பற்றிப் பேசாத நாள் குறைவு.

தோட்டத்துத் துரை சாயங்காலங்களில் கித்தார் வாசிப்பார். மடியில் வைத்து ஆறு கம்பியை விரலால் மீட்டுகிற பெட்டி. காய் காட்டப் போன நீங்கள் வாசற்படியில் நின்று கேட்கத் தொடங்கினீர்கள். நிற்பதைப் பார்த்து அவரே ஒரு நாள் கையில் கொடுத்து, சில மெட்டுகளும் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் விரல்கள் தொடைமேல் ஆடிக்கொண்டே இருக்கும். அத்தைக்கு அது பிடிக்காது. சோற்றுக்கு முன்னால் தாளம் போடுகிறவன் வீட்டில் தரித்திரம் நிற்கும் என்பார்.

அப்புறம் மலைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. இரண்டு காதும் சீழ் பிடித்து வடிந்தன. சீழ் வற்றியபோது சத்தமும் வற்றிவிட்டது. உரக்கக் கத்தினால் யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் உங்களுக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மூக்கு பழுதில்லாமல்தான் இருந்தது. ஆனாலும் தோட்டத்து மேஸ்திரி உங்களை மேலே சேர்க்கவில்லை. யானை வருகிற சத்தம் கேட்காத ஆளை மலையில் வைத்துக்கொண்டு யாருக்குப் பதில் சொல்வது என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது.

வீட்டோடு இருந்தீர்கள். முதலில் பேச்சுக் குறைந்தது, பிறகு நின்றது. பதில் காதில் விழாத மனிதர் எதற்குப் பேசுவார். நான் எழுதிக் காட்டலாம், ஆனால் உங்களுக்குப் படிக்கத் தெரியாது. என் ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாமல் போனது அப்போதுதான். கத்திக் கத்தி என் தொண்டை தடித்தது. நம் வீட்டில் சோறு போட்டால் தெருக்கோடி வரைக்கும் தெரியும்.

மேலே விட்டுவந்த உங்கள் பெட்டியையும் கம்பளியையும் எடுக்க ஒருமுறை குரங்கணி வழியாக ஏறிப் போனீர்கள். துரை சீமைக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். கடைசியாக ஒருதரம் வைத்துக்கொள் என்று கித்தாரைக் கொடுத்தாராம். நீங்கள் அதன் மேல் குனிந்து தாடையை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டு, சும்மா ஒரு கம்பியைத் தட்டினீர்கள். இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து நின்றீர்கள்.

"தாடையில கேக்குது" என்றீர்கள். "காதுல இல்ல. தாடையில கேக்குது."

துரை கித்தாரோடு கப்பல் ஏறிவிட்டார். அப்படி ஒரு பெட்டி நம் ஊரில் எவரிடமும் கிடையாது. அது மாதிரி ஒன்று நீங்களே செய்தால் உங்களுக்குக் கேட்கும், செய்யாவிட்டால் கேட்காது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உளி பிடித்தறியாத கையோடு நீங்கள் தொடங்கினீர்கள். கொல்லைச் சுவரில் கரித்துண்டால் அதன் உருவத்தை வரைந்தீர்கள். அத்தை பார்த்துவிட்டு, தொரை தம்புராவுக்கு இடுப்பு ரொம்பச் சிறுத்துப்போச்சு என்றார்.

மலையில் ஒரு பழைய காய்க்கொட்டகையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உங்கள் கூட்டாளி, கழுதைப் பொதி ஓட்டுகிறவர், அங்கே கழித்துப்போட்ட பலகைகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, "சுங்கத்துல வெறகுன்னு சொல்லித்தான் கொண்டாந்தேன் மாப்ளே. நெசமாவே வெறகாக்கிப்புடாத" என்றார். உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

பலகைகள் எல்லாம் ஒரே கறுப்பு. பல வருஷத்துப் புகை. தேக்கா, வேம்பா, மாவா, எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மரம் அறிந்தவர் யாரையாவது கூப்பிடலாம் என்று கைச்சாடை காட்டினேன். உங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு பலகையிலும் கொஞ்சம் சுரண்டினீர்கள். தூளைக் கையில் மூடி, அதற்குள் ஊதி, முகர்ந்தீர்கள். ஏலக்காய்க்குச் செய்ததையே மரத்துக்கும் செய்தீர்கள். கடைசியில் ஓர் அகலப் பலகையைத் தனியே எடுத்து வைத்து, "சந்தன வேம்பு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். துரையின் கித்தாரும் அப்படித்தான் மணத்ததாம்.

காயோடு கிடந்த பலகை காய் மணக்காமல் வேறு எப்படி மணக்கும் என்று நான் கத்தினேன். நீங்கள் என் வாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மணமே இல்லை என்று நீங்கள் தள்ளிய ஒரு கனத்த பலகையை அத்தை எடுத்துக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்தார்.

அந்த மணத்த பலகையைச் சீவினீர்கள். வெண்ணெய் மாதிரிச் சீவ வந்தது. நல்ல மரம் கைக்கு இப்படித்தான் இணங்கும் என்று உங்கள் முகத்தில் எழுதியிருந்தது. வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினீர்கள். மதுரையிலிருந்து தம்புராக் கம்பி வரவழைத்தீர்கள். ஆசாரி ஒருதரம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பிறர் வேலையில் அவர் வாய் வைக்கமாட்டார்.

கம்பியை முறுக்க முறுக்கப் பெட்டியின் முகம் உள்ளே அமுங்கியது, பட்டினி கிடந்தவன் வயிறு போல. தாடையை வைத்துத் தட்டினீர்கள். மறுபடி தட்டினீர்கள். மூன்றாவது தரம் தட்டவில்லை. அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தீர்கள். அதன் பிறகு உளியைத் தொடவில்லை. சோறு வேண்டும், வேண்டாம் என்பதைக்கூடத் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டீர்கள். அத்தை குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்தார். நான் எதையும் முடியவில்லை. இந்த மனிதர் இனி இப்படியே ஒரு மூலையில் கிடந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

மழை பெய்தது. கோழிக்கூண்டின் கதவுக்குக் கீழே விழுந்து கிடந்த உங்கள் வெள்ளை வேட்டியில் மஞ்சளாகக் கறை. நான் கோழியைத்தான் திட்டினேன். உவர்மண் போட்டு வெளுத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்போதுதான் அந்த மஞ்சளை எங்கே பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. என் அம்மா பெட்டி முடையும் ஓலைக்குச் சாயம் ஏற்றப் பலாக்கட்டைத் தூளை வேகவைப்பாள். தண்ணீர் இதே நிறத்துக்குத்தான் இறங்கும். கூண்டுக் கதவில் ஒரு சில்லுப் பெயர்த்து வெந்நீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் இறங்கியது.

அடுப்படியில் இருக்கிறவளுக்கு மரத்தைப் பற்றி ஒருவர் சொல்லித்தர வேண்டாம். எது புகையும், எது வெடிக்கும், எது கங்கு நிற்கும், எது கண்ணைக் கரிக்கும் என்று தினமும் பார்க்கிறவள் அவள். எரித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களைக் கையைப் பிடித்து எழுப்பி அடுப்பின் முன்னால் உட்காரவைத்தேன். அமுங்கிப்போன முகப்பலகையில் ஒரு துண்டை உடைத்து நெருப்பில் போட்டேன். காகிதம் போலக் குபீரென்று பிடித்து, கங்கே நிற்காமல் சாம்பலாயிற்று. தலையணையின் தையலைப் பிரித்தேன். ஒரு பிடி இலவம்பஞ்சை எடுத்து உங்கள் மடியில் வைத்தேன். இலவமரம். எதைப் பக்கத்தில் வைத்தாலும் அதன் மணத்தைக் குடித்துக்கொள்ளும் மரம். உங்களுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது.

அடுத்து அந்த மஞ்சள் தண்ணீர்ச் சட்டியை வைத்தேன். கூண்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்து, அதன் மேல் ஒரு பலாக்கொட்டையை வைத்தேன். நீங்கள் பலகையைச் சுரண்டி, கையில் மூடி ஊதி, முகர்ந்தீர்கள். உதட்டைப் பிதுக்கினீர்கள். எழுந்துபோகப் பார்த்தீர்கள். நான் வேட்டி முந்தியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மூக்கைத் தொட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உங்கள் தாடையைத் தொட்டேன். பலகையின் ஒரு முனையைத் தூக்கி உங்கள் வாயருகே நீட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு கடித்தீர்கள். கோழி எச்சம் காய்ந்திருந்த பலகையை, ஏலக்காய் முகர்ந்த நீங்கள் பல்லால் கடித்தீர்கள். மறுமுனையில் நான் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

பலகையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னொருக்க அடி" என்றீர்கள்.

அடித்தேன். மற்றப் பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கடித்தீர்கள், நான் ஒவ்வொன்றையும் தட்டினேன். வேம்பு, மா, பெயர் தெரியாத ஒன்று. திரும்பத் திரும்பப் பலாவுக்கே வந்தீர்கள். அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, கட்டையத் திங்கிறதுன்னு ஆயிப்போச்சு, உப்பாச்சும் தொட்டுக் குடு" என்றார். அன்றைக்கே தன் கோழிக்கு வேறு கதவு வேண்டும் என்றும் கேட்டார்.

இரண்டாவது கித்தாரை நீங்கள் அவசரமாகச் செய்யவில்லை. பலா கையை இழுத்தது, உளி மழுங்கியது. பக்கப் பலகைகளை வளைக்க நெல் அவிக்கும் அண்டாவை எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் போகத்து நெல் தாமதமாக அவிந்தது. கழுத்துக்கு எங்கள் அப்பா வீட்டில் உடைந்துகிடந்த ஏர் மேழியைக் கொண்டுவந்தேன். அது என்ன மரம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி வஜ்ஜிரம், மறுபடி அந்த நாற்றம். வீட்டில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

கம்பி கட்டிய நாள் ஒரு மத்தியானம். சோற்றை வடித்து இறக்கியிருந்தேன். நீங்கள் கொல்லையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கினீர்கள். பெட்டியின் முகம் அமுங்கவில்லை. தாடையை விளிம்பில் பதித்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை மீட்டினீர்கள். நான் நிலைப்படியில் நின்றேன். அத்தை எனக்குப் பின்னால் நின்றார். உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சலித்துக்கொண்டீர்கள்.

"பெரிய கம்பி எறங்கிக் கெடக்கு" என்றீர்கள்.

முறுக்காணியைத் திருகத் தொடங்கினீர்கள். என்ன சொல்கிறான் என்று அத்தை என் தோளைத் தட்டினார். கம்பி இறங்கிக் கிடக்கிறதாம் என்றேன். இத்தனை பாடுபட்டும் இதுவும் சரியாக வரவில்லையா என்று அத்தை நெஞ்சில் கைவைத்தார். கம்பி இறங்கிக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன், மூடினேன்.

துரை சொல்லிக்கொடுத்த மெட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மறந்துபோன இடங்களில் நின்று, திரும்பப் பிடித்து, மேலே போனீர்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட வாருங்கள் என்று கையைக் காட்டினேன், நீங்கள் கண் திறக்கவில்லை. கிட்டே வந்து உட்கார்ந்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது, பெட்டியின் இந்தப் பக்கத்து விளிம்பில் நானும் பல்லை வைத்துக்கொண்டு, பழக்கத்தில் உரக்கவே சொன்னேன்: "சோறு ஆறிப்போச்சு, வெரசா வாங்க."

உங்கள் கை நின்றது. கண்ணைத் திறந்தீர்கள். நாம் இருவரும் ஒரே பெட்டியின் இரண்டு ஓரத்தில் இருந்தோம், உங்கள் தாடை அங்கே, என் பல் இங்கே.

"கத்தாத" என்றீர்கள். "கேக்குது."

அதன் பிறகு இருந்த வருஷங்களில் நாம் பேசியதெல்லாம் அப்படித்தான். விளைச்சல், மகனுக்குப் பெண் பார்த்தது, அத்தையின் கடைசி நாட்கள், எல்லாவற்றையும் அந்தப் பலாப்பலகையின் வழியாகவே பேசினோம். தெருக்கோடிக்கு நம் வீட்டுச் செய்தி போவது நின்றது. கித்தார் பரணில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

இப்போது வீட்டில் நான் பேசினால் எல்லாரும் கிட்டே வந்து குனிந்துதான் கேட்கிறார்கள். வயதாகிக் குரல் அடங்கிவிட்டது என்கிறான் உங்கள் மகன். "படிச்சவுக அப்பிடித்தான் மெதுவாப் பேசுவாக" என்று மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். இரண்டில் எதையும் நான் மறுப்பதில்லை. கத்தாதே என்று சொன்னீர்கள். கத்துவதில்லை.